மூன்று ஃபுல்பேக், ஒரு அணி: 2010 பேக்கர்ஸில் அந்த மூன்றாவது இடம் வீணா?

சைதை ராஜா (சென்னை):

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் ஆட்களைக் கழித்துவிடும் வாரம் வந்தாலே நான் ஒரு பழைய பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். 2010 சீசனுக்கு முன் கிரீன் பே பேக்கர்ஸ் இறுதி செய்த 53 பேர் பட்டியல் அது. அதில் ரன்னிங் பேக் இரண்டே பேர்தான், ரயன் கிராண்ட், பிராண்டன் ஜாக்சன். இன்னொரு ரன்னிங் பேக் ஜேம்ஸ் ஸ்டார்க்ஸ் காயத்தால் ஆட முடியாதவர்களின் தனிப் பட்டியலில் இருந்ததால் கணக்கில் வரமாட்டார். ஆனால் ஃபுல்பேக் மூன்று பேர்: கோரி ஹால், ஜான் கூன், க்வின் ஜான்சன். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட இரண்டு பேர், அவர்களுக்கு வழி திறந்துவிட மூன்று பேர். பல அணிகள் ஒரு ஃபுல்பேக்கை வைத்துக்கொள்ளவே யோசித்த காலத்தில் இவர்கள் மூன்று பேரை வைத்தார்கள். 2009-லும் இதையேதான் செய்தார்கள்.

முதல் ஆட்டம் பிலடெல்பியாவில். கிராண்டின் கணுக்கால் போய், அதோடு அவருடைய சீசனே முடிந்தது. கையில் மிஞ்சியது ஒரே ஒரு ரன்னிங் பேக். அவசர அவசரமாக அட்லாண்டாவின் பயிற்சிக் குழுவிலிருந்து (53-ல் சேராமல் அணியோடு பயிற்சி மட்டும் செய்பவர்கள்) டிமிட்ரி நான்ஸைக் கூட்டிவந்தார்கள்.

அந்த மூவரில் உண்மையாக இடத்துக்குத் தகுதியானவர் க்வின் ஜான்சன் ஒருவர்தான் என்பது என் கருத்து. எல்எஸ்யூ பல்கலைக்கழகம், 2009 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுப்பது) ஐந்தாம் சுற்று, 250 பவுண்டுக்கு மேல் எடை, முட்டித் தள்ளவே பிறந்த ஆள். ஹால், தற்காப்பில் ஓடி வந்து ஆளைப் பிடிக்கும் லைன்பேக்கராக இருந்து ஃபுல்பேக்காக மாற்றப்பட்டவர். கூன் நல்ல ஓட்டக்காரரும் இல்லை, மூவரில் பெரிய முட்டுக்காரரும் இல்லை. ரசிகர்களுக்குப் பிடித்தவர், அவ்வளவுதான். ஆனால் ஒரே வருடத்தில் கூன் மட்டும் மிஞ்சினார், மற்ற இருவரும் போய்விட்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழவீதி:

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். ஃபுல்பேக் என்றால் பக்கவாட்டில் நின்று எதிரணி விங்கரைத் தடுப்பவர் இல்லையா? நான் சாக்கர் மட்டுமே பார்ப்பவன். இங்கே முட்டுவது, வழி திறப்பது என்கிறீர்களே.

மீனா (மேடிசன், விஸ்கான்சின்):

கீழவீதி, நீங்கள் சொல்வது சாக்கர் ஃபுல்பேக். பெயர் ஒன்றுதான், வேலைக்குத் தொடர்பே இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அமைப்பு ஒன்று உண்டு. முன்னால் நிற்பவர் ஃபுல்பேக், அவருக்குப் பின்னால் ரன்னிங் பேக். பந்து நகர்ந்ததும் ஃபுல்பேக் வெறுங்கையோடு இடைவெளிக்குள் பாய்ந்து, எதிரே வரும் லைன்பேக்கரை முட்டி விலக்க வேண்டும். அவர் முதுகைப் பிடித்தபடி ரன்னிங் பேக் பந்தோடு வருவார். பத்தில் எட்டு முறை ஃபுல்பேக் பந்தைத் தொடவே மாட்டார்.

ராஜா தம்பி, 2010 ஆகஸ்டில் நான் கிரீன் பே போயிருந்தேன். அங்கே கேம்ப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். லம்போ மைதானத்துக்கு எதிரே ரே நிட்ச்கி மைதானம். வீரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருவார்கள், பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடி வரும். அந்த அணியின் பல வருட வழக்கம் அது. அவ்வளவு பெரிய மனிதர்கள் குட்டி சைக்கிளில் முழங்கால் மடக்கி மிதித்து வருவதைப் பார்த்தால் யாருக்கும் அணி பிடித்துப்போகும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒருவருக்கு ஒருவர் நிற்க வைத்து ஒரு பயிற்சி கொடுப்பார்கள். லைன்பேக்கர் ஏழெட்டு அடி தூரத்திலிருந்து பாய்ந்து வருவார், பின்னால் குவார்ட்டர்பேக் நிற்பதாக எண்ணிக்கொண்டு பேக் அவரைத் தடுக்க வேண்டும். கூட்டமெல்லாம் மோதும் சத்தத்துக்குத்தான் கை தட்டியது. நான் வேலிக்குப் பக்கத்தில் நின்றதால் கால்களை மட்டும் கவனித்தேன். மோதி ஜெயித்தவர்களில் சிலர் அடுத்த முறையே தோற்றார்கள், ஏனென்றால் லைன்பேக்கர் நேராக வராமல் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டார். பலம் முழுவதையும் முன்னால் கொட்டியவருக்குக் கால் திரும்பவில்லை. காலைக் குறுகலாக எடுத்து வைத்து, வருபவரின் இடுப்பை மட்டும் பார்த்துக் காத்திருந்தவர்தான் இரண்டு முறையும் நின்றார். முட்டித் தள்ளுவது ஒரு திறமை. காத்திருந்து தடுப்பது முற்றிலும் வேறு திறமை. நீங்கள் முதலாவதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

நெல்லை டல்லாஸ்:

மீனா அக்கா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் மூன்று பேர் என்பதை என்னால் ஏற்க முடியாது. கணக்கைப் பாருங்கள். மொத்தம் 53. அதில் அன்றைய விதிப்படி ஆட்ட நாளில் உடை மாற்றி இறங்கக்கூடியவர்கள் 45 பேர், அது போக மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவர். அதாவது வாரா வாரம் ஏழு பேர் சும்மா உட்கார வேண்டும். அந்த வருடம் பேக்கர்ஸ் டைட் எண்டும் (வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பவர், பாஸும் பிடிப்பவர்) நான்கு பேரை வைத்திருந்தது: ஃபின்லி, டொனால்ட் லீ, கிராப்ட்ரீ, குவார்லெஸ். டைட் எண்டும் தடுப்பார், ஃபுல்பேக்கும் தடுப்பார். நான்கும் மூன்றும் ஏழு பேர், கிட்டத்தட்ட ஒரே சாயலில் ஒரே வேலைக்கு. குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் மாதிரி எறிகிற ஒருவரை வைத்துக்கொண்டு ஏழு முட்டுக்காரர்கள் எதற்கு? அங்கே இன்னொரு ரன்னிங் பேக் இருந்திருந்தால் கிராண்ட் விழுந்ததும் தடுமாறியிருக்க மாட்டார்கள்.

ஒரு ஃபுல்பேக்கை வெட்டிவிட்டுப் பயிற்சிக் குழுவில் போட்டிருக்கலாமே. அப்போது எட்டு இடம் இருந்தது.

ஹூஸ்டன் செல்வம்:

நெல்லை அண்ணா, அங்கேதான் பிரச்சினை. வெட்டினால் நேராகப் பயிற்சிக் குழுவுக்கு வர முடியாது. நான்கு சீசன் நிறைவு செய்யாத வீரரை வெட்டினால் அவர் பெயர் வேய்வர் பட்டியலுக்குப் போகும். மற்ற 31 அணிகளும் கேட்கலாம், மோசமான வெற்றி தோல்விக் கணக்கு வைத்திருக்கும் அணிக்கு முன்னுரிமை. யாருமே கேட்காவிட்டால்தான் திரும்ப எடுக்கலாம். இரண்டாவது வருடத்தில் இருந்த ஐந்தாம் சுற்று ஆள் ஜான்சனை வெளியே விட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்ற பயம் நியாயமானது.

பேக்கர்ஸுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஏனென்றால் கூன் அவர்களுக்குக் கிடைத்ததே அப்படித்தான். பென்சில்வேனியாவில் ஷிப்பென்ஸ்பர்க் என்ற சின்னப் பல்கலைக்கழகம், இரண்டாம் பிரிவு ஆட்டம். 2005-ல் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் பயிற்சிக் குழுவில் சேர்த்தது. 2007 செப்டம்பரில் ஸ்டீலர்ஸ் வெட்டியது, பேக்கர்ஸ் கை நீட்டி எடுத்துக்கொண்டது. அடுத்தவன் வாசலில் விட்டதை எடுத்து வந்து வளர்த்த அணிக்குத் தன் வாசலில் ஒருவரை விடும்போது கை நடுங்கத்தானே செய்யும்.

இரண்டாவது விஷயம். நான் டெக்சஸில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஃபுல்பேக் ஆடியவன். பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆனால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியும். கை ஒன்றைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பேன். குவார்ட்டர்பேக் குரல் கொடுத்ததும் இரண்டே இரண்டு எட்டு. மூன்றாவது எட்டில் மோதியாக வேண்டும். தலையைத் தாழ்த்தினால் கழுத்து போகும், நிமிர்ந்தால் நான் பின்னால் விழுவேன், என் முதுகில் ரன்னிங் பேக் இடித்து விழுவான். தோள் அவன் தோளுக்குக் கீழே போக வேண்டும், கண் மட்டும் மேலே. ஒரு ஆட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றிப் பக்கம் முழுக்க எதிரணியின் சிவப்புப் பெயிண்ட் கோடு கோடாக ஒட்டியிருக்கும். அம்மா அதைப் பார்த்து இரண்டு நாள் பேசவில்லை. சில முறை தோளிலிருந்து விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி எரியும், ஐந்து நிமிடம் கை தூக்க வராது.

இதெல்லாம் ஆடியும் எனக்கு மூன்றாவது வருடம் இடம் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கிக்காஃப் ஓடுவாயா?" பந்தை எதிரணிக்கு உதைத்ததும் ஓடிப்போய் அதை எடுப்பவனைப் பிடிக்கும் வேலை அது. நான் மெதுவாக ஓடுபவன். என் இடத்துக்கு வந்த பையன் என்னைவிட இளைத்தவன், என் அளவுக்கு முட்டத் தெரியாது. ஆனால் கிக்காஃபில் முதல் ஆளாக இறங்கி எதிரணியைப் பிடிப்பான். அன்று எனக்கு அநியாயமாகப் பட்டது. பிற்பாடுதான் புரிந்தது, பயிற்சியாளர் ஃபுல்பேக்கைத் தேடவில்லை, நான்கு வேலை செய்யும் ஒருவனைத் தேடினார், அதில் ஒன்று ஃபுல்பேக்.

சைதை ராஜா:

செல்வம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெயிண்ட் கோடு மனதில் நிற்கிறது. நன்றி.

ஆனாலும் ஒரு கேள்வி. அந்தக் கணக்கில் பார்த்தால் ஹால்தானே முன்னால் இருந்திருக்க வேண்டும்? ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் குழு) அவர்தான் பெரிய ஆள் என்று படித்திருக்கிறேன்.

ஹூஸ்டன் செல்வம்:

ஆமாம், அது சரிதான். கோரி ஹால் பாய்சி ஸ்டேட்டில் லைன்பேக்கராக ஆடியவர். 2007 ஜனவரி 1-ம் தேதி ஓக்லஹோமாவை அவர்கள் வீழ்த்திய அந்தப் புகழ்பெற்ற ஃபியஸ்டா பௌல் கல்லூரி ஆட்டத்தின் அணியில் இருந்தார். 2007 டிராஃப்டில் ஆறாம் சுற்றில் எடுத்து ஃபுல்பேக் ஆக்கினார்கள். லைன்பேக்கருக்கு ஓடி வந்து ஆளைப் பிடிப்பது ரத்தத்தில் ஊறியது, அதனால் கிக்காஃபிலும் பண்ட்டிலும் அவருக்கு எப்போதும் வேலை இருந்தது. அதே நேரம், லைன்பேக்கர் எங்கே போவான் என்று லைன்பேக்கருக்குத்தான் தெரியும். இப்படி மாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜான்சனும் கல்லூரியில் லைன்பேக்கராகத் தொடங்கியவர்தான்.

பழைய ரசிகன் (சிகாகோ):

தம்பிகளா, இந்த இடத்துக்குக் கிரீன் பேயில் ஒரு வம்சாவளி இருக்கிறது, அதைப் பார்க்காமல் 2010 புரியாது.

பயிற்சியாளர் லொம்பார்டி காலத்தில் ஃபுல்பேக் என்றால் ஜிம் டெய்லர். அவர் முட்டுபவர் மட்டுமில்லை, அணியின் முதன்மை ஓட்டக்காரரே அவர்தான். 1962-ல் 1,474 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம். அப்போது ஃபுல்பேக்குக்கு இடம் கிடைக்குமா என்ற கேள்வியே எழாது. அவரைச் சுற்றித்தான் மற்றவர்களுக்கு இடம்.

அப்புறம் 1995-ல் வில்லியம் ஹெண்டர்சன் வந்தார், மூன்றாம் சுற்று. 2006 வரை பன்னிரண்டு சீசன் அந்த இடம் அவருடையது, 1996 சீசனின் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் உட்பட. அவர் காலத்தில் ஃபுல்பேக் ஓடுவதை விட்டு, தடுப்பதும் குட்டையான பாஸ் பிடிப்பதும் தொழிலாகிவிட்டது. இன்னொரு விவரம், 2010-ல் இந்த மூவரையும் வேலை வாங்கிய ரன்னிங் பேக் பயிற்சியாளர் எட்கர் பென்னட். அவரே பேக்கர்ஸின் பழைய பேக், 1995-ல் 1,067 யார்டு ஓடியவர். ஹெண்டர்சன் முன்னால் முட்ட, பின்னால் ஓடியவர்.

ஹெண்டர்சன் போனது 2007-ல். அதே வருடம்தான் ஹாலும் கூனும் வந்தார்கள். பன்னிரண்டு வருடம் ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்த இடத்தை நிரப்ப ஒருவரால் முடியவில்லை. ஹால் ஓடிப் பிடிப்பார், ஜான்சன் முட்டுவார், கூன் ஒரு யார்டு வேண்டிய இடத்தில் பந்தை எடுப்பார், குவார்ட்டர்பேக்கைக் காப்பார். ஒரு ஹெண்டர்சனை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். பொது மேலாளர் டெட் தாம்சனுக்கு ஃபுல்பேக் மீது தனி மோகம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நெல்லை டல்லாஸ்:

ஐயா சொன்னது அருமை. ஆனால் ஒரு ஆளின் வேலைக்கு மூன்று இடம் கொடுப்பதைத்தான் நானும் வீண் என்கிறேன்!

மீனா (மேடிசன், விஸ்கான்சின்):

நெல்லை, அந்த சீசன் எப்படிப் போனது என்று நினைத்துப் பாருங்கள். கிராண்ட் மட்டுமா விழுந்தார்? ஃபின்லி போனார், லைன்பேக்கர் நிக் பார்னெட் போனார், மார்கன் பர்னெட் போனார். வாரா வாரம் யாராவது ஒருவர். ரன்னிங் பேக் இல்லாத வாரங்களில் பந்தை யார் எடுத்தார்? கூன். அந்த சீசனில் 84 முறை பந்தைத் தூக்கி 281 யார்டு, நான்கு டச் டவுன். ஒரு முறைக்குச் சராசரி மூன்றரை யார்டுகூட இல்லை, ராஜா சொன்ன மாதிரி பெரிய ஓட்டக்காரர் இல்லைதான். ஆனால் யாருமே இல்லாதபோது பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றவர் அவர். ஜாக்சன் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு டிசம்பர் வரை இழுத்திருக்க முடியாது. ஃபுல்பேக் இடத்தில் இருந்த ஒருவர் ரன்னிங் பேக் ஓட்டையை அடைத்தார். நீங்கள் கேட்ட அந்த "இன்னொரு ரன்னிங் பேக்" அவரேதான்.

அவர் பந்தை எடுத்தாலே மைதானம் முழுக்க "கூஊஊஊன்" என்று இழுக்கும். முதல் தடவை கேட்பவர்கள் சொந்த ஆளையே கேலி செய்து ஊளையிடுகிறார்கள் என்று நினைப்பார்கள். என் கணவர் அப்படித்தான் நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரரிடம் வருத்தப்பட்டுக் கேட்டார். அவர் சிரித்துவிட்டு கூனின் முதுகு எண் 30-ஐக் காட்டினார். அந்தக் குளிரில் எழுபதாயிரம் பேர் ஒரே எழுத்தை இழுப்பதைக் கேட்க வேண்டும்.

ஸ்டார்க்ஸ் உடல் தேறி வந்து பிளேஆஃபில் பிலடெல்பியாவுக்கு எதிராக 123 யார்டு ஓடியபோதுதான் கூனுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. 2011 பிப்ரவரி 6-ம் தேதி சூப்பர் பௌலில் 31-25. எதிரணி யார்? கூனை வெட்டிய அதே ஸ்டீலர்ஸ்.

கீழவீதி:

நான் சும்மா ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போக வந்தவன், இரவு ஒரு மணி வரை படித்துக்கொண்டிருக்கிறேன். சரி, கோப்பை வென்ற பிறகு மூவரையும் ஏன் வைத்துக்கொள்ளவில்லை? வென்ற அணியை யாராவது கலைப்பார்களா?

ஹூஸ்டன் செல்வம்:

கீழவீதி, இதுதான் இந்த இழையின் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

2011 சீசனுக்கு முன் ஹாலின் ஒப்பந்தம் முடிந்திருந்தது, அவர் நியூ ஆர்லியன்ஸ் சென்றார். கூனுக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஜான்சனை செப்டம்பர் தொடக்கத்தில் டென்னசி டைட்டன்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். அதே நேரம் டைட் எண்ட் எண்ணிக்கை ஐந்தாக ஏறியது: ஃபின்லி, குவார்லெஸ், கிராப்ட்ரீ, புதிதாக வந்த டி.ஜே. வில்லியம்ஸ், ரயன் டெய்லர். மூன்று ஃபுல்பேக், நான்கு டைட் எண்ட் என்று இருந்தது ஒரு ஃபுல்பேக், ஐந்து டைட் எண்ட் என்று மாறிவிட்டது. ஏழு ஆறானது. நெல்லை அண்ணா சொன்ன கணக்கு ஒரு வருடம் தாமதமாக நடந்தது.

என் பார்வையில் இதற்குப் பின்னால் விதி மாற்றமும் இருக்கிறது. கிக்காஃபில் பந்தைப் பிடிப்பவருக்கு முன்னால் மூன்று நான்கு கனத்த ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து ஆப்பு மாதிரி ஓடுவார்கள். அதில் ஃபுல்பேக்குக்கு நிச்சயமாக இடம் உண்டு. 2009-ல் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து அப்படி ஓடக் கூடாது என்று தடை வந்தது. 2011-ல் கிக்காஃப் அடிக்கும் இடத்தை 30 யார்டு கோட்டிலிருந்து 35-க்கு முன்னால் தள்ளினார்கள். ஐந்து யார்டு என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் பந்து எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய் விழ ஆரம்பித்தது, திரும்ப ஓடி வருவதே குறைந்துபோனது. மோதல் குறைந்து வீரர்கள் காயமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் செய்தார்கள், அது நல்ல காரணம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓடிப் பிடிப்பதற்காகவே ஒரு ஃபுல்பேக்குக்குக் கொடுத்த இடத்தின் மதிப்பு அந்த ஐந்து யார்டில் பாதி கரைந்துவிட்டது.

மிஞ்சிய ஒரே இடத்தில் எல்லா வேலையையும் செய்பவர் வேண்டும். ஜான்சன் முட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), பாஸ் வரும் என்று ஊருக்கே தெரிந்த நேரத்தில், ராட்ஜர்ஸ் பக்கத்தில் யாரை நிறுத்துவீர்கள்? கூனை. மீனா அக்கா பயிற்சியில் பார்த்த அந்தக் காத்திருந்து தடுப்பது.

பழைய ரசிகன் (சிகாகோ):

சிகாகோவில் இருந்துகொண்டு நான் சொல்லக் கூடாத ஒரு ஆட்டம் இருக்கிறது. 2013 டிசம்பர் 29, சோல்ஜர் ஃபீல்ட். அன்று நான் மைதானத்தில் இருந்தேன். ராஜா, அந்த ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடத்தை எடுத்துப் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள், 30-ஐ மட்டும் பாருங்கள். நான் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் எனக்கு நண்பர்கள் வேண்டும்.

நெல்லை டல்லாஸ்:

ஐயா, அந்த ஆட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ராட்ஜர்ஸையும் அவர் பாஸைப் பிடித்த ரேண்டல் காப்பையும்தான் பார்த்தேன், கூன் அங்கே இருந்ததே நினைவில்லை. நாளை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது இடம் வீண் என்று சொன்னதில் கூன் பெயரை எடுத்துவிடுகிறேன். ஜான்சனை இரண்டு வருடம் வைத்திருந்ததுதான் வீண் என்பதில் மாறவில்லை. வேய்வரில் போயிருந்தால் போயிருக்கட்டும். கடைசியில் போகத்தானே செய்தார்.

மீனா (மேடிசன், விஸ்கான்சின்):

அது நியாயமான பேச்சு. ஆனால் ஜான்சன் பக்கமும் யோசியுங்கள். முட்டுவதற்கென்றே எடுத்தார்கள், அதை ஒழுங்காகச் செய்தார். அணி எறிந்து ஆடும் அணியாக மாறியது அவர் குற்றமில்லை. அவர் பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் பன்னிரண்டு சீசன் ஆடியிருப்பார்.

இப்போதும் இந்த வேலை சாகவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கைல் யூஷ்செக்கைப் பாருங்கள், ஹார்வர்டில் படித்தவர், 2013-ல் நான்காம் சுற்றில் பால்டிமோர் எடுத்தது, 2017-லிருந்து ஃபார்ட்டிநைனர்ஸ். அவரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துகிறார்கள், பாஸ் பிடிக்கிறார், வழி திறக்கிறார். பேட்ரிக் ரிக்கார்ட் டிராஃப்டில் எடுக்கப்படாமல் பால்டிமோருக்குத் தற்காப்பு லைன்மேனாக வந்து, முந்நூறு பவுண்டு உடம்போடு ஃபுல்பேக் ஆனார். மின்னசோட்டாவில் ஆடிய சி.ஜே. ஹாமும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்தான். ஹால், கூன், ஜான்சன் மூவரும் பிரித்துச் செய்ததை இவர்கள் ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் கேம்பில் ஃபுல்பேக் என்று ஒருவர் வந்தால் அவருக்குப் போட்டி இன்னொரு ஃபுல்பேக் இல்லை, நான்காவது டைட் எண்ட். பேக்கர்ஸிலேயே பார்த்தோமே. 2015-ல் ஆறாம் சுற்றில் வந்த ஆரன் ரிப்கோவ்ஸ்கியை கூனோடு சேர்த்து வைத்தார்கள், அடுத்த வருடம் கூன் நியூ ஆர்லியன்ஸ் போனார், 2018-ல் ரிப்கோவ்ஸ்கியையும் விட்டுவிட்டார்கள்.

சைதை ராஜா (சென்னை):

காலை ஐந்து மணிக்கு எழுந்து அந்த ஆட்டத்தைப் போட்டேன். ஐயா சொன்ன மாதிரி 30-ஐ மட்டும் பார்த்தேன்.

நிலைமை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர் பிரிவுச் சாம்பியன், தோற்றவர் வீட்டுக்கு. ராட்ஜர்ஸ் காறை எலும்பு முறிந்து ஏழு ஆட்டம் உட்கார்ந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். எலும்பை முறித்ததும் இதே சிகாகோ பேர்ஸ்தான். பேர்ஸ் 28, பேக்கர்ஸ் 27. பேக்கர்ஸ் தன் 13 யார்டு கோட்டிலிருந்து தொடங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் நான்காவது டவுன், ஒரு யார்டு வேண்டும், அதுவும் தன் 22 யார்டு கோட்டில். தவறினால் ஆட்டம் முடிந்தது. பந்து கூனிடம். நடுவில் குவியல் மாதிரி எல்லோரும் விழுகிறார்கள். ஒரு யார்டு கிடைத்தது. சரியாக ஒரு யார்டு, மேலே எதுவும் இல்லை. நான் இத்தனை வருடம் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இந்த ஒரு யார்டு எனக்கு நினைவிலேயே இல்லை.

அப்புறம் அந்தக் கடைசி. நான்காவது டவுன், எட்டு யார்டு வேண்டும், 46 விநாடி பாக்கி. பேர்ஸ் ராட்ஜர்ஸை வீழ்த்த ஏழு பேரை அனுப்புகிறது. இடப்பக்கத்திலிருந்து ஜூலியஸ் பெப்பர்ஸ் தடுக்க ஆளே இல்லாமல் வருகிறார். கூன் ராட்ஜர்ஸின் மறுபக்கத்தில் நிற்கிறார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பந்து நகர்ந்ததும் அவர் தன் பக்கம் வருபவரைப் பார்க்கிறார், உடனே தலை இடப்பக்கம் திரும்புகிறது. ராட்ஜர்ஸுக்கு முன்னால் குறுக்கே கடந்து, நின்று முட்ட நேரமில்லாததால் உடம்பை அப்படியே பெப்பர்ஸின் காலடியில் போடுகிறார். பெப்பர்ஸ் கீழே விழவில்லை. தடுமாறுகிறார், ஒரு எட்டு தாமதமாகிறது. அவர் நீட்டிய கை ராட்ஜர்ஸுக்கு எட்டவில்லை. ராட்ஜர்ஸ் இடப்பக்கம் நகர்ந்து எறிகிறார், ரேண்டல் காப் 48 யார்டு டச் டவுன். 33-28.

எல்லோரும் காப்பை நோக்கி ஓடும்போது கூன் இன்னும் தரையில் கிடக்கிறார், எழுந்திருக்கத் தலையைத் தூக்குகிறார். அங்கே ஜான்சன் நின்றிருந்தால் பெப்பர்ஸை இரண்டு அடி தூக்கி எறிந்திருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

நெல்லை, நீங்களும் பாருங்கள். அந்தத் தலை திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள்.